பழைய குதிரைப் பந்தயப் புத்தகம் வாங்கும்போது

விலை பேசும் முன் பக்க எண்ணை நம்பாமல், முன்பக்கத்தில் இருக்கும் படப்பட்டியலை வைத்து ஒவ்வொரு படமாகச் சரிபாருங்கள். 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் குதிரை, ஜாக்கி படங்களைத் தனித் தாளில் அச்சடித்து, பைண்டிங்கின்போதுதான் நடுவில் செருகினார்கள். அந்தத் தாள்களுக்குப் பெரும்பாலும் பக்க எண் கிடையாது. அதனால் ஒரு படத்தை உருவிவிட்டாலும் 112-க்குப் பிறகு 113 ஒழுங்காகவே வரும். உருவுவது எதற்கு என்றால், சட்டம் போட்டு விற்றால் சில சமயம் அந்த ஒற்றைப் படமே புத்தகத்தைவிட அதிகம் தரும்!

படப்பட்டியல் தாளே இல்லையா? சரி, தையலோரம் விரலை ஓட்டுங்கள், படத்தை வெட்டி எடுத்திருந்தால் மிஞ்சிய தாளின் விளிம்பு தட்டுப்படும். படத்தின் மை எதிர்ப்பக்கத்தில் பழுப்பு நிழலாக இறங்கியிருக்கும். நிழல் இருந்து படம் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம். மூணாறு, நெல்லியாம்பதி பக்கத்து பங்களாக்களில் இருந்து வரும் புத்தகங்களில் மட்டும் மழைக்கால ஈரத்தின் பூஞ்சைப் புள்ளிகளை நிழல் என்று எண்ணிவிடாதீர்கள். புள்ளி சிதறிக் கிடக்கும், நிழலுக்குப் படத்தின் வடிவம் இருக்கும். நடுவில் மெல்லிய காப்புத்தாள் வைத்த புத்தகத்தில் நிழல் விழுந்திருக்காது, அங்கே பட்டியலோ, அதுவும் இல்லையென்றால் வெட்டிய விளிம்போதான் கதி.

எழுத்தோடு சேர்த்தே அச்சான மரச்செதுக்குப் படங்களுக்கும், 1793-இல் முதல் தொகுதி வந்த ஜெனரல் ஸ்டட் புக் மாதிரியான பந்தயக் குதிரை வம்சாவளித் தொகுதிகளுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. பக்க எண்ணே போதும்.