இரண்டு தளங்களின் ஆட்ஸை ஒப்பிடுவது எப்படி: நான் தப்பாகப் போட்ட கணக்கிலிருந்து

ஆஃப்ஷோர் பந்தயத் தளங்களில் (உள்நாட்டு லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நடப்பவை) ஆட்ஸ், அதாவது வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற விகிதம், தாராளமாக இருக்கும், லைசென்ஸ் வாங்கி வரி கட்டும் தளங்களில் கஞ்சத்தனமாக இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் மட்டும் யாரும் ஒரு எண் சொல்ல மாட்டார்கள். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை வந்த விடை முழுத் தப்பு. அது ஏன் தப்பு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்குக்கு எந்தத் தளத்திலும் கணக்குத் திறக்க வேண்டாம், பணம் போட வேண்டாம். ஆட்ஸ் பெரும்பாலும் வெளியிலேயே தெரியும். உங்கள் நாட்டில் இணையப் பந்தயத்துக்குத் தடை என்றால் இதை வெறும் கணக்குப் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆட்ஸை டெசிமலுக்கு மாற்றுங்கள்

டெசிமல் ஆட்ஸ் என்பது 1 வைத்து வென்றால், வைத்ததையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கைக்கு வரும் என்ற எண். பல தளங்களில் அமைப்புகளுக்குள் போய் டெசிமல் என்று தேர்ந்தெடுத்தாலே போதும். அந்த வசதி இல்லையென்றால்: அமெரிக்க முறையில் −110 என்பது 100 ÷ 110 + 1, அதாவது 1.909. +150 என்பது 2.50. பிரிட்டிஷ் பின்னமான 10/11-ம் அதே 1.909-தான்.

படி 2: தலைகீழாக்கிக் கூட்டுங்கள்

ஒவ்வொரு முடிவுக்கும் 1-ஐ ஆட்ஸால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இரு பக்கமும் 1.91 என்றால் 0.5236 + 0.5236 = 1.0471. நூறு சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 104.71 சதவீதம் நிற்கிறது. மேலே நிற்கும் 4.71-க்கு ஓவர்ரவுண்ட் என்று பெயர்.

இதற்கென்றே இணையத்தில் கால்குலேட்டர்கள் நிறைய உண்டு. எனக்கு அவை பிடிக்காது. எந்த எண்ணை எங்கே போட்டோம் என்று பிறகு திரும்பிப் பார்க்க வழியில்லை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஆட்டத்துக்கு ஒரு வரி, முடிவுக்கு ஒரு கட்டம், கடைசியில் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எண்ணை எடுத்தீர்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பின்னால் அதுதான் காப்பாற்றும். 1.909-ஐ 1.91 என்று சுருக்கிப் போட்டாலே 4.76 என்பது 4.71 ஆகிவிடும். அதனால் நீங்களாக எதையும் சுருக்காதீர்கள்.

படி 3: ஓவர்ரவுண்டா, மார்ஜினா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். 104.71 என்றால் தளத்தின் பங்கு 4.71 சதவீதம் அல்ல. 1-ஐ 1.0471-ஆல் வகுத்தால் 0.955. போடும் ஒவ்வொரு நூறிலும் சராசரியாக 95.5 திரும்பி வரும், தளம் 4.50 எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் மார்ஜின் என்கிறேன். ஒரு தளத்துக்கு ஓவர்ரவுண்டும் இன்னொரு தளத்துக்கு மார்ஜினும் எடுத்து ஒப்பிடாதவரை எதைப் பயன்படுத்தினாலும் சரி.

படி 4: ஒரே மார்க்கெட்டா என்று பாருங்கள்

நான் விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். மார்க்கெட் என்றால் ஓர் ஆட்டத்தில் எதன் மேல் பந்தயம் வைக்கிறோமோ அது: யார் வெல்வார் என்பது ஒன்று, முதல் கோல் யார் அடிப்பார் என்பது இன்னொன்று.

ஒரு கால்பந்து ஆட்டம். லைசென்ஸ் உள்ள தளத்தின் முகப்பில் வெற்றி, சமன், தோல்வி என்று மூன்று ஆட்ஸ்: 2.05, 3.30, 3.50. கூட்டினால் 107.65. ஆஃப்ஷோர் தளத்தின் முகப்பில் ஹேண்டிகேப் ஆட்ஸ் (ஓர் அணிக்குக் கணக்கில் கோலைக் கூட்டியோ குறைத்தோ இரண்டு பக்கம் மட்டும் வைக்கும் பந்தயம்), இரு பக்கமும் 1.95. கூட்டினால் 102.56. ஐந்து புள்ளி வித்தியாசம்! உடனே நண்பர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் வேறு அனுப்பிவிட்டேன்.

நான் ஒப்பிட்டது இரண்டு தளங்களை அல்ல, இரண்டு மார்க்கெட்டுகளை. பொதுவாக முடிவுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஓவர்ரவுண்டும் கூடும். இருமுனை மார்க்கெட்டில் குறைவு, மும்முனையில் கொஞ்சம் அதிகம், முதல் கோல் யார் அடிப்பார் என்பது போன்ற நீண்ட பட்டியலில் மிக அதிகம். ஒவ்வொரு தளமும் எந்த மார்க்கெட்டை முகப்பில் வைக்கிறதோ அதை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறேன்.

சரி என்று திரும்பப் போய், ஆஃப்ஷோர் தளத்தில் அதே மும்முனை மார்க்கெட்டைத் தேடி எடுத்தேன்: 2.10, 3.40, 3.60. கூட்டினால் 104.81. லைசென்ஸ் உள்ள தளத்தின் ஹேண்டிகேப் பக்கத்தில் இரு பக்கமும் 1.91, அதாவது 104.71. ஐந்து புள்ளி என்று நினைத்தது மும்முனையில் 2.84 ஆகவும், ஹேண்டிகேப்பில் 2.15 ஆகவும் சுருங்கியது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நான் ஊதிவிட்ட அளவுக்கு இல்லை.

ஹேண்டிகேப், மொத்த கோல் போன்ற மார்க்கெட்டுகளில் கோடும், அதாவது எந்த எண்ணை வைத்து இரு பக்கமும் பிரிகிறதோ அதுவும், ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தளத்தில் மொத்த கோல் 2.5, இன்னொன்றில் 2.25 என்றால் அவை வேறு வேறு பொருட்கள். நேரமும் அப்படித்தான். ஆட்டத்துக்குப் பல நாள் முன்பு மார்ஜின் அகலமாக இருக்கும், தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வழக்கமாகக் குறுகும். ஒரு பக்க ஆட்ஸைக் காலையிலும் மறுபக்கத்தை மாலையிலும் எடுத்தால், இடையில் ஆட்ஸ் நகர்ந்து கூட்டுத்தொகை நூறுக்குக் கீழேகூட வரலாம். லாட்டரி அடித்துவிட்டது என்று குதிக்காதீர்கள், நேரக் கட்டத்தைப் பாருங்கள்.

படி 5: திரையில் தெரியாத கழிவுகள்

திரையில் இருக்கும் ஆட்ஸும் கைக்கு வரும் ஆட்ஸும் எப்போதும் ஒன்றல்ல. ஜெர்மனியில் விளையாட்டுப் பந்தயத் தொகைக்கு 2012 முதல் வரி உண்டு. 2021 ஜூலையிலிருந்து அது 5.3 சதவீதம். சில தளங்கள் அதைத் தாங்களே ஏற்கின்றன, சில வாடிக்கையாளரிடம் பிடிக்கின்றன. கணக்கு எளிதாக இருக்க 5 சதவீதம், வென்றவருக்குக் கிடைக்கும் மொத்தத் தொகையில் பிடிக்கப்படுகிறது என்று வைப்போம். 1.95 என்பது 1.8525 ஆகிவிடும். அதைத் தலைகீழாக்கிக் கூட்டினால் 107.96. அழகாகத் தெரிந்த 102.56 எங்கே போனதென்று தெரியாது.

பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில், அதாவது தளத்தோடு அல்லாமல் பந்தயம் வைப்பவர்களே ஒருவருக்கொருவர் எதிராக வைக்கும் இடங்களில், கழிவு வேறு மாதிரி. கமிஷன் லாபத்தில் மட்டும்தான். 2.00 ஆட்ஸில் 2 சதவீதக் கமிஷன் என்றால் 1.00 லாபத்தில் 0.02 போய் 1.98. மொத்தத் தொகையில் பிடிப்பதையும் லாபத்தில் பிடிப்பதையும் ஒரே சூத்திரத்தில் அடைக்காதீர்கள்.

ஆஃப்ஷோர் பக்கம் மறைந்திருப்பது பெரும்பாலும் பணத்தை வெளியே எடுக்கும் கட்டணமும், நாணய மாற்றில் போகும் தொகையும். எடுக்கும்போது 3 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். மேலே உள்ள ஹேண்டிகேப் ஆட்ஸில் 1000-ஐ ஒரு முறை பந்தயமாக வைத்தால் சராசரியாக 975 திரும்பும், கட்டணம் போக 945.75. லைசென்ஸ் உள்ள தளத்தில் கட்டணம் இல்லையென்றால் 955. மலிவு என்று போன இடம் விலை கூடிய இடமாகிவிட்டது.

அதே 1000-ஐத் திரும்பத் திரும்பச் சுழற்றி மொத்தம் 5000-க்குப் பந்தயம் வைத்தால் ஆஃப்ஷோரில் சராசரி இழப்பு 125, மிச்சம் 875, கட்டணம் 26.25, ஆக 151.25. லைசென்ஸ் உள்ள தளத்தில் 225. இப்போது ஆஃப்ஷோர் மலிவு. ஆனால் இங்கே ‘மலிவு’ என்றால் என்னவென்று பாருங்கள்: ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் போயிருக்கும் 54-க்குப் பதில் 151 போயிருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்?

வரியும் விதியும் ஒரு காரணம். நியூயார்க் மாநிலம் மொபைல் பந்தயத் தளங்களின் மொத்த வருவாயில் 51 சதவீதம் வரி வாங்குகிறது. பிரான்ஸில் இணையப் பந்தயத் தளங்கள் பந்தயத் தொகையில் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரக் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே தளம் நினைத்தாலும் ஓரளவுக்கு மேல் தாராளம் காட்ட முடியாது. எதிர்ப்பக்கம், கரீபியன் தீவான குராசோவிலிருந்து வளர்ந்த பின்னக்கிள் என்ற தளம் குறைந்த மார்ஜின், பெரிய தொகை என்பதையே வியாபார முறையாக வைத்துப் பெயர் வாங்கியது. அதை வைத்து ஆஃப்ஷோர் என்றாலே மெல்லிய மார்ஜின் என்று முடிவு கட்டக் கூடாது. இரு பக்கமும் 1.91 போடும் ஆஃப்ஷோர் தளங்களும் ஏராளம்.

மார்ஜின் கட்டத்தில் வராத விஷயங்களும் உண்டு. பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள தளத்தோடு தகராறு என்றால் ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்பிடம் போகலாம். காம்ஸ்டாப் என்ற விலக்குப் பட்டியலில் பதிவு செய்து பந்தயத்திலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொண்டவரை அங்கே லைசென்ஸ் உள்ள எல்லா இணையத் தளங்களும் தடுத்தாக வேண்டும். ஆஃப்ஷோர் தளத்தை இது எதுவும் கட்டுப்படுத்தாது. பணத்தை வெளியே எடுக்க முடியாமல் போனால் 2 சதவீத வித்தியாசத்தை வைத்து என்ன செய்வது? என்னைக் கேட்டால் இதற்காகவே ஆஃப்ஷோர் பக்கம் போக மாட்டேன். கணக்குப் போட்ட பிறகு அந்த எண்ணம் இன்னும் உறுதியானது.

புதுப்பிப்பு 1: ‘முதல் நான்கு இடங்களுக்குள் யார் வருவார் என்ற மார்க்கெட்டைக் கூட்டினால் 438 சதவீதம் வருகிறது, தளம் கொள்ளையடிக்கிறதா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நான்கு பேர் ஜெயிக்கும் மார்க்கெட்டில் நியாயமான கூட்டுத்தொகையே 400. 438-ஐ 4-ஆல் வகுங்கள்: 109.5. கொஞ்சம் கனம்தான், கொள்ளை இல்லை. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

புதுப்பிப்பு 2: நான்கு ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டாகப் போட்டால் மார்ஜின் கூடுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். 1.0471-ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 1.202. தளத்தின் பங்கு 4.50-லிருந்து சுமார் 16.8 சதவீதமாகிறது. ஒரே ஆட்டத்துக்குள்ளேயே பலவற்றைச் சேர்க்கும் சீட்டுகளுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. அந்த நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. எதிர்ப்பக்க ஆட்ஸ் எல்லாம் திரையில் கிடைக்காததால் கூட்டிப் பார்க்கவும் வழியில்லை. என் ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.