இந்திய இ-விசா: போட்டோவும் பாஸ்போர்ட்டும் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய இ-சுற்றுலா விசாவுக்கு ஏற்ற வேண்டியவை இரண்டே கோப்புகள். போட்டோ ஜேபெக் வடிவில் 10 கேபி முதல் 1 எம்பிக்குள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம் பிடிஎஃப் வடிவில் 10 கேபி முதல் 300 கேபிக்குள் இருக்க வேண்டும். இதற்குள் அடங்கினால் தளம் கோப்பை வாங்கிக்கொள்ளும். உடனே பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஆனால் தளம் சரிபார்ப்பது கோப்பின் வகையையும் எடையையும்தான். முகம் தெளிவாக இருக்கிறதா, எழுத்துகள் படிக்க வருகிறதா என்பதைப் பிறகு அதிகாரிதான் பார்க்கிறார். அங்கே தெளிவில்லை என்று ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கட்டிய பணமும் திரும்பாது. கொழும்பு, கோலாலம்பூர், லண்டன் என எங்கிருந்து விண்ணப்பித்தாலும் இதே விதிதான்.

போட்டோ

அதிகம் நடக்கும் தவறு, கையில் இருக்கும் பாஸ்போர்ட் சைஸ் படத்தை வைத்தே ஒப்பேற்றப் பார்ப்பது. இ-விசாவுக்கு நீளமும் அகலமும் சமமான சதுரப் படம் வேண்டும். ஸ்டூடியோவில் வாங்கியது பிரிட்டனில் என்றால் 35க்கு 45 மில்லிமீட்டர், கனடாவில் என்றால் 50க்கு 70. அதை இழுத்துச் சதுரமாக்கினால் முகம் அகன்று ஆளே மாறிப்போவார். இழுக்காமல் மேலும் கீழும் வெட்டினால் முடியோ தாடையோ போய்விடும். அச்சிட்ட படத்தைப் போனில் மறுபடி படம் பிடித்தால் பளபளப்பும் மங்கலும் சேர்ந்துகொள்ளும். புதிதாக ஒரு படம் எடுப்பதே நல்லது. பத்து நிமிட வேலைதான்.

செல்ஃபி வேண்டாம். கை நீளத் தூரத்தில் எடுக்கும்போது மூக்கு பெரிதாகி, காது பின்னுக்குப் போகும். வேறொருவர் போனின் பின்பக்கக் கேமராவால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, உங்கள் கண் மட்டத்திலிருந்து எடுக்கட்டும். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சுவரில் சாய்ந்து நிற்காமல் மூன்று அடி முன்னால் வந்து நில்லுங்கள். நிழல் சுவரில் விழாது. வெளிச்சம் முன்னால் இருக்கும் ஜன்னலிலிருந்து வரட்டும். உச்சந்தலை முதல் தாடை வரை முழுத் தலையும் சட்டத்தின் நடுவே வர வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும், படத்தைச் சுற்றிக் கரை இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது.

பியூட்டி ஃபில்டரையும் போர்ட்ரெய்ட் மோடையும் மறக்காமல் அணையுங்கள். பின்னணியை நீக்கும் ஆப்களும் வேண்டாம். அவை காதோரத்தையும் முடியையும் கத்தரித்துவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரியும்.

ஐபோனில் எடுத்த படம் பெரும்பாலும் ஜேபெக்காக இல்லாமல் ஹெய்க் (HEIC) என்ற வேறு வடிவில் இருக்கும். கோப்பின் பெயர்க் கடைசியை ஜேபிஜி என்று மாற்றினால் வடிவம் மாறாது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் மடிக்கணினிக்கு அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். படமாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

சதுரமாக வெட்டி, 600க்கு 600 பிக்சலாகச் சேமித்தால் போதும். 240 கேபிக்குள் வைத்துக்கொண்டால் அமெரிக்க விசாவின் டிஎஸ்-160 படிவத்துக்கும் அந்த அளவு பொருந்தும். அங்கே கேட்பதும் 600 முதல் 1200 பிக்சல் வரையிலான சதுரம்தான். ஆனால் படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனிப் படம். வெளிர் நிற விரிப்பில் படுக்க வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். போனின் நிழல் முகத்தில் விழாமல், தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் பக்கம்

சிக்கல் அதிகம் இங்கேதான். போனில் எடுத்த பக்கம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி, ஏதோ ஒரு இலவசத் தளத்தில் போட்டுச் சுருக்கினால் 40 கேபியில் வந்து நிற்கும். தளம் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரிகள் கரைந்து, 8 எது, பி எது என்று தெரியாமல் போயிருக்கும். இதைவிடப் பெரிய கவலை, உங்கள் பாஸ்போர்ட்டின் தெளிவான நகலை முன்பின் தெரியாத ஒரு சர்வரில் வைத்துவிட்டு வருவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐபோனின் நோட்ஸ், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் இரண்டிலுமே ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் வசதி இருக்கிறது.

சுருக்குவதற்கு முன் வெட்டுங்கள், எடை தானாகக் குறையும். பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம் 125க்கு 88 மில்லிமீட்டர். மேசை விரிப்பு, எதிர்ப் பக்கம் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு அதை மட்டும் 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) வைத்தால் சுமார் 984க்கு 693 பிக்சல். 300 கேபிக்குள் தாராளமாக அடங்கும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். வெட்டும்போது கீழ் விளிம்பைக் கவனியுங்கள். இரண்டு வரிகளும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை முழுதாக இருக்க வேண்டும்.

ஃபிளாஷ் போடாதீர்கள். பக்கத்தின் மேலுள்ள பளபளப்புப் படலத்தில் பட்டு, காலாவதித் தேதி மேல் வெள்ளைத் திட்டாக விழும். பக்கம் மடங்கி எழுந்தால் ஓரத்தை விரலால் அழுத்துவது வழக்கம். அந்த விரல் அநேகமாக எண்ணின் மேலேயே இருக்கும். எதிர்ப் பக்கத்தின் மேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆப்பின் கறுப்பு-வெள்ளை ஃபில்டர் முகத்தைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். கலரிலேயே வையுங்கள். ஆப்பின் வாட்டர்மார்க் விழுந்த பிடிஎஃப், பாஸ்வேர்ட் போட்ட பிடிஎஃப், தலைகீழாகத் திரும்பிய பக்கம் எதுவும் ஆகாது.

படிவமும் பக்கமும் ஒத்துப்போக வேண்டும்

ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் படிவத்தில் தட்டியது வேறாக இருந்தால் பயனில்லை. பாஸ்போர்ட் எண்ணைப் பக்கத்தின் மேற்பகுதியிலிருந்து பார்த்து எழுதுங்கள். அடியிலுள்ள இரண்டாம் வரியிலிருந்து எடுக்கும்போது ஒரு இலக்கம் கூடிவிடுகிறது. அந்த வரியில் 44 இடங்கள். முதல் ஒன்பது இடங்கள் எண்ணுக்கு, பத்தாவது இடம் சரிபார்ப்பு இலக்கத்துக்கு. ஒன்பது இலக்க எண் என்றால் சரிபார்ப்பு இலக்கம் ஒட்டிக்கொண்டே நிற்பதால் அதையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். இலங்கை பாஸ்போர்ட்டில் N என்ற ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களுமாக எட்டுத்தான். ஒன்பதாவது இடத்தில் ஒரு கோணக்குறி (<) வரும். அதற்குப் பின்னால் இருக்கும் இலக்கம் உங்கள் எண்ணைச் சேர்ந்தது அல்ல.

பெயரிலும் கவனம் வேண்டும். நம்மவர்களுக்கு அப்பா பெயர் சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலதில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். வழக்கத்தில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமல், எந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

ஏற்றப்போவது பயணத்துக்குக் கொண்டுபோகும் பாஸ்போர்ட்டின் பக்கமாகவே இருக்கட்டும். இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் அதில் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், விசா பிறகு. போனில் கிடக்கும் பழைய ஸ்கேனை அவசரத்தில் ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. பாஸ்போர்ட் மாறியதும் அதை அழித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டுத் தவறான தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்து, கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் நிறைய. அரசுத் தளத்தின் முகவரி டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியும். பணம் கட்டும் திரைக்குப் போகுமுன் தற்காலிக விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏற்றிய பிடிஎஃப்பைக் கணினியில் திறந்து அடி வரிகளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே தடுமாறினால் மறுபடி ஸ்கேன் எடுத்து ஏற்றுங்கள்.