அயர்லாந்துப் பாட்டியைத் தேடுகிறீர்களா? பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

என்னோடு வேலை பார்த்த ஆஸ்திரேலியத் தோழி ஒருவரின் எள்ளுப்பாட்டி அயர்லாந்துக்காரர். மேரி சல்லிவன் என்று வைத்துக்கொள்வோம். 1850களில் சிட்னியில் கப்பலிலிருந்து இறங்கியவர். அதற்கு முன்னால் எந்த ஊர், அப்பா அம்மா யார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. பழைய பதிவேடுகளைத் துழாவும் பைத்தியம் எனக்கு உண்டு, நான் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு மேரி சல்லிவனின் குடும்பத்தையே கட்டி எழுப்பிய பிறகு பார்த்தால், அந்த மேரி அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தை விட்டு நகரவே இல்லை. 1866-ல் அங்கேயே கல்யாணமாகி, 1901 கணக்கெடுப்பில் பேரக்குழந்தைகளோடு இருக்கிறார்.

முதல் தவறு அதுதான், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நேராக அயர்லாந்துப் பதிவேடுகளில் குதிப்பது. கார்க், கெர்ரி பக்கம் சல்லிவன் என்று தேடுவது நம்மூரில் முருகன் என்று தேடுவது மாதிரி. போய் இறங்கிய நாட்டில் இருக்கும் காகிதங்களை முதலில் வழித்து எடுங்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு அரசு உதவியில் வந்தவர்களின் பட்டியல்களில் சொந்த இடமும் பெற்றோர் பெயரும் எழுதியிருப்பார்கள். அமெரிக்கா போனவர் என்றால் பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல்போன உறவினர்' விளம்பரங்கள் இருக்கின்றன, அவற்றில் பல நேரம் ஊர்ப் பெயரே கிடைக்கும். உங்கள் ஆளின் காகிதத்தில் வெறும் 'அயர்லாந்து' என்றுதான் இருக்கிறதா? கூட வந்த தங்கையின் காகிதத்தைப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. '1922-ல் எல்லாம் எரிந்துபோச்சு' என்று கையை விரிப்பது. உள்நாட்டுப் போரில், அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும் சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. ஆனால் 1861 முதல் 1891 வரையிலான கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது, பழியைத் தீயின்மேல் மட்டும் போடவேண்டாம். கத்தோலிக்க ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கின், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியின், சாமியாரிடமே இருந்ததால் தப்பின. தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து 2015-ல் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, பெரும்பாலும் 1880 வரை.

சரி, பதிவேட்டில் பக்கம் கிடைத்துவிட்டது. அங்கே லத்தீன் காத்திருக்கும். 'ஜாக்கோபுஸ்' என்று இருப்பதை ஜேக்கப் என்று எழுதிக்கொண்டு போனால் போச்சு, அது ஜேம்ஸ். நம்மூர் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல, சந்தியாகுவும் யாகப்பனும் ஜேம்ஸும் ஒரே புனிதரின் பெயர்தானே. அதே போல யூஜீனியுஸ் வீட்டில் ஓவன் ஆகியிருப்பார், ஹொனோரா நோரா ஆகியிருப்பார், பிரிட்ஜெட் அமெரிக்கா போய் டெலியா ஆகியிருப்பார். சல்லிவனுக்கு முன்னால் 'ஓ' இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அட்டவணை தயாரித்தவர் அந்தக் கோழிக்கிறுக்கலை எப்படிப் படித்தாரோ, அதை அப்படியே நம்பாமல் படத்தைத் திறந்து பாருங்கள்.

தேதியையும் வயதையும் பிடித்துத் தொங்காதீர்கள். 1864-ல் எல்லோருக்கும் பிறப்புப் பதிவு வந்த பிறகு, தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளையே தள்ளிச் சொன்னவர்கள் நிறைய. குழந்தை பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் ஆன அதிசயத்தை நானே பார்த்திருக்கிறேன்! 1909-ல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்ததும், அதற்காக வயதைக் கூட்டிச் சொல்லி, 1901 கணக்கெடுப்புக்கும் 1911 கணக்கெடுப்புக்கும் இடையில் பதினைந்து வயது கூடியவர்களும் உண்டு.

பலரும் தாண்டிப்போகும் இடம் ஞானப்பெற்றோர் பெயர், அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நிற்பவர்கள். பதிவேட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்றால்: நாள், குழந்தையின் பெயர், அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்புறம் 'ஸ்ப்' என்ற சுருக்கத்துக்குப் பின் இரண்டு பேர், அதிர்ஷ்டம் இருந்தால் ஓரத்தில் டவுன்லேண்ட். டவுன்லேண்ட் என்பது நம் குக்கிராமத்தைவிடச் சிறிய நிலப்பிரிவு, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். அந்த இரண்டு பேர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, பக்கத்து வீடு. ஒரே பங்கில் ஒரே பெயரில் மூன்று தம்பதிகள் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது இவர்கள்தான். 1847 முதல் 1864 வரை வரிக்காக நடந்த, யார் எந்த நிலத்தில் இருந்தார்கள் என்று காட்டும் கிரிஃபித் நில மதிப்பீட்டிலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது, அதனால்தான் ஜான் சல்லிவன் பக்கத்தில் அப்பா பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டார்கள், நம் இனிஷியல் மாதிரி. அதே பட்டியலில் தேடும்போது இன்னொன்று: அது அரசு நிர்வாகத்துக்கான 'சிவில் பங்கு' வாரியானது, கத்தோலிக்கப் பங்கின் எல்லை வேறு.

எச்சிலை அனுப்பிச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனையில் பெரிய தவறு, 'அயர்லாந்து 62 சதவீதம்' என்ற வண்ணப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. அது பேச்சுக்கு நல்லது, ஊர் சொல்லாது. வேலைக்கு ஆவது பொருத்தப் பட்டியல்தான், அதாவது உங்களோடு டிஎன்ஏவைப் பகிரும் மற்றவர்களின் பட்டியல். ஒரே எள்ளுப்பாட்டியின் வழியில் வந்த மூன்றாம் கசின்கள் சராசரியாக 70 செண்டிமார்கன் (பகிரும் டிஎன்ஏவை அளக்கும் அலகு) சொச்சம் பகிர்வார்கள், பத்தில் ஒரு ஜோடி ஒன்றுமே பகிராது. அதனால் பொருந்தவில்லை என்றால் உறவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைவதால் உங்கள் எச்சிலைவிட உங்கள் பெரியம்மாவின் எச்சில் மதிப்பு அதிகம், அவர் சம்மதித்தால், அவர் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எதிர்பாராத உறவு வெளியே வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏழு, எட்டு செண்டிமார்கன் என்று வரும் சின்னப் பொருத்தங்களில் கணிசமானவை போலி. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு, அங்கே செண்டிமார்கன் எண்ணிக்கை உறவை உள்ளதைவிட நெருக்கமாகக் காட்டும். அப்புறம், அடுத்தவர் இணையத்தில் போட்ட குடும்ப மரத்தை நகலெடுப்பது. பத்து மரங்களில் ஒரே பெற்றோர் இருப்பது பத்துச் சாட்சி ஆகாது, ஒருவர் செய்த தப்பை ஒன்பது பேர் எடுத்து ஒட்டியிருக்கலாம். என் எட்டு மாதம் போனதும் அப்படித்தான்.

தோழியின் அத்தையைப் பரிசோதனை செய்ய வைத்த பிறகு, மாசசூசெட்ஸில் இருக்கும் மூன்று பேர் ஒருவருக்கொருவரும் அத்தையோடும் பொருந்தினார்கள். மூவர் மரத்திலும் சல்லிவன் இல்லை, ஆனால் மூன்றிலும் ஹர்லி என்ற ஒரே குடும்பப் பெயர் இருந்தது. திரும்ப மேற்கு கார்க் பதிவேட்டுக்குப் போய், நான் முன்பு ஒதுக்கிவைத்த ஒரு மேரியின் வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மை கசிந்த அந்த ஓரத்தில் ஞானத்தாய் ஒரு ஹர்லி. அம்மாவின் பிறந்த வீடும் ஹர்லி. மாசசூசெட்ஸ்காரர்களில் இருவருக்கு எழுதிப் பதில் வந்துவிட்டது, மூன்றாமவர் இன்னும் செய்தியைத் திறக்கவே இல்லை.