ஜானி கேஷ் பாட்டு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் பாட்டு என்றதும் பலரும் டிரம்ஸைத் தேடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். 1955, 56-இல் மெம்ஃபிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸில் அவர் பதிவு செய்த புகழ்பெற்ற பாட்டுகளில் டிரம்ஸ் கிடையாது. கேஷின் அக்கூஸ்டிக் கிதார், லூதர் பெர்கின்ஸின் எலெக்ட்ரிக் கிதார், மார்ஷல் கிராண்டின் பேஸ், அவ்வளவுதான். டிரம்ஸ்காரர் டபிள்யூ.எஸ். ஹாலண்ட் சேர்ந்தது 1960-இல்.

இந்தப் பாட்டுகளில் ஸ்னேர் டிரம் போலக் கேட்கிற அந்த 'சிக்' ஓசை ஒரு துண்டுத் தாளின் வேலை. தாளை மடித்து, அக்கூஸ்டிக் கிதாரின் ஒரு கம்பிக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று கோத்துவிட்டு வாசியுங்கள். தடித்த அட்டை வேண்டாம், கார்டே கேட்காமல் போகும்.

அடுத்தது பெர்கின்ஸின் பகுதி. கைத்தேர்ச்சி உள்ளவர்கள்தான் இதைக் கெடுக்கிறார்கள். கம்பியை வளைத்து, நடுநடுவே வேகமான துணுக்குகளைச் சேர்த்து நிரப்பிவிடுகிறார்கள். வலது உள்ளங்கையின் விளிம்பை பிரிட்ஜ் ஓரத்தில் லேசாக வைத்து, தடித்த கம்பிகளில் ஒற்றைச் சுரங்களாக வாசித்தாலே போதும். ஈ கார்டில் ஆறாவது கம்பியைத் திறந்தபடி ஒரு தட்டு, பிறகு ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட். கையை அதிகம் அழுத்தினால் சுரம் மொட்டையாகும், எடுத்துவிட்டால் ரீங்காரம் தாளத்தை மூடிவிடும்.

1956-இல் வந்த 'ஐ வாக் தி லைன்' பாட்டில் சுருதிதான் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு பத்திக்கும் சுருதி மாறும். கிதாரில் பிடிக்கும் வடிவங்களைச் சொன்னால் ஈ, ஏ, டி, ஏ, ஈ. கடைசிப் பத்தியில் முதல் பத்தியின் மெட்டே ஒரு ஸ்தாயி கீழே வரும். முதல் பத்தி சௌகரியமாக இருக்கிறதே என்று தொடங்கினால், முடிவில் குரல் காற்றாகிவிடும். அந்தக் கடைசிப் பத்தியை முதலில் பாடிப் பார்த்து, அதன் அடிச்சுரம் தெளிவாக விழும் இடத்தில் கேப்போவை (கம்பிகளை மொத்தமாக அழுத்திச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போடுங்கள். பத்திகளுக்கு இடையே வரும் முனகலை விட்டுவிடாதீர்கள். அடுத்த சுருதியை கேஷ் பிடித்துக்கொண்டது அதில்தான். உருக்கமாக இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைப்பதும் தவறு. கேஷே மெதுவான பாட்டாகத்தான் நினைத்திருந்தார். வேகமாக ஒருமுறை பாடச் சொல்லி, அதையே வெளியிட்டவர் தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ்.

மேடையில் அறிமுகம் செய்பவர்களுக்கும் சில. கேஷ் சிறைத்தண்டனை அனுபவித்தவர் அல்ல. சில இரவுகள் காவலில் இருந்ததோடு சரி. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் அவர் பாடியது கைதிகளுக்காக. அதன் இசைத்தட்டில், 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாட்டில் கொலையைச் சொல்லும் வரிக்குப் பின் எழும் ஆரவாரம் பிறகு ஒட்டிச் சேர்த்தது. அதை நம்பி அந்த வரியில் கூட்டத்தைக் கத்தச் சொல்லாதீர்கள். 'ரிங் ஆஃப் ஃபயர்' ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும் எழுதியது, முதலில் பதிவு செய்தவர் அனிட்டா கார்ட்டர். 'ஹர்ட்' பாட்டு நைன் இன்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னருடையது. கேஷின் பதிவு 2002-இல் வந்தது.