தண்ணீரும் மலையும் இல்லாமல் தொடங்கலாம்: கோடை முகாமில் பசங்களுக்கு ஃபிளை ஃபிஷிங், மவுண்டன் பைக்

வடசென்னையில் மலை கிடையாது. டிரவுட் மீன் நீந்தும் ஓடையும் கிடையாது. ஆனால் செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங், மேடு பள்ளத்தில் ஓட்டும் மவுண்டன் பைக் இரண்டையும் கற்றுக்கொள்ள வரும் 8 முதல் 13 வயதுப் பிள்ளைக்கு முதல் வாரத்தில் அவை தேவையும் இல்லை. தூண்டில் கம்பை எங்கே நிறுத்துவது, சைக்கிளை எப்படி நிறுத்துவது என்பதை ஒரு மைதானத்திலேயே சொல்லித் தரலாம். வீசுவதும் ஓட்டுவதும் பசங்களுக்குத் தானாகவே வரும், நிறுத்துவது மட்டும் வராது. அதனால் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு பேட்சுக்கு 12 பேர் போதும். ஆறு பேர் கம்போடு, ஆறு பேர் சைக்கிளோடு, முக்கால் மணி நேரம் கழித்து இடம் மாறிக்கொள்ளட்டும். கம்புப் பக்கம் மூன்று பேருக்கு ஒரு பெரியவர், சைக்கிள் பக்கம் ஆறு பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். நேரம் காலை 6 முதல் 8 மணி வரை. அக்னி நட்சத்திர வெயிலில் எட்டரைக்கு மேல் பிள்ளைகளை மைதானத்தில் வைத்திருப்பது சரியில்லை. போதாக்குறைக்கு கிரிக்கெட் டீம்களும் அதற்குள் வந்துவிடும். தாகம் எடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்காமல், 20 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து எல்லோரையும் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

முதல் வேலை மைதானத்தைச் சுற்றி வருவது. கண்ணாடித் துண்டு, ஆணி மட்டும் பார்த்தால் போதாது. காத்தாடி சீசன் என்பதால் வேலியிலும் மரத்திலும் அறுந்த மாஞ்சா தொங்கும். தடை இருந்தாலும் இன்னும் தொங்கத்தான் செய்கிறது. சைக்கிளில் வரும் பிள்ளையின் கழுத்து உயரத்தில் ஒரு இழை இருந்தால் போதும், பெரிய ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு அறுத்துச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

ஃபிளை கேஸ்டிங்: கொக்கி இல்லாத பாடம்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் இரை என்பது இறகும் நூலும் சுற்றிய பூச்சி போன்ற ஒன்று, அதற்கு எடையே இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போவது லைன் எனும் தடித்த தூண்டில் கயிறு. அதன் எடையை வைத்துத்தான் எண் கொடுப்பார்கள். 5-ம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். காசிமேட்டுப் பசங்களில் கைத்தூண்டில் வீசத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள்தான் முதலில் திணறுவார்கள், ஏனென்றால் அவர்கள் கை ஈயத்தை எறியப் பழகியது. இங்கே எறிய எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேண்டியவை: 8 அல்லது 8½ அடி, 5-ம் எண் கம்பு, எளிய ரீல், மிதக்கும் வகை லைன், அதன் முனையில் லீடர் எனும் மெல்லிய நைலான் இழை ஏழரை அடி. கொக்கிக்குப் பதிலாகப் பளிச்சென்ற நிறத்தில் 2 செ.மீ. கம்பளி நூலை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எல்லோருக்கும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். கம்பளி நூல்தானே என்று விட்டுவிடக் கூடாது, சாட்டை மாதிரி வரும் நைலான் முனை கண்ணில் பட்டாலும் காயம்தான். பிள்ளைக்குப் பிள்ளை பக்கவாட்டில் 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். பின்னால் 15 மீட்டருக்கு யாரும் வரக் கூடாது. சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் தினமும் கத்த வேண்டியதில்லை.

நம்மூர் மைதானம் பாதி புல், பாதி மண். கட்டாந்தரையில் லைனை இழுத்தால் மேற்பூச்சு உரிந்து, பிறகு மிதக்காது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தார்ப்பாய் விரித்துவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்க வைப்பது முக்கியம். வலது கைக்காரருக்குக் காற்று இடது தோளில் பட வேண்டும். வலது பக்கத்திலிருந்து அடித்தால் லைன் நேராக முகத்துக்கு வரும். விடிகாலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து தரைக்காற்றாக வரும், அப்போது வலது கைக்காரர் வடக்கு பார்த்து நிற்கட்டும். மாலை பேட்ச் என்றால் கிழக்கிலிருந்து கடற்காற்று, தெற்கு பார்த்து நிற்கட்டும். இடது கைக்காரருக்கு இரண்டும் நேர் எதிர்.

இனி வீச்சு.

1. கம்பு நுனியிலிருந்து 6 மீட்டர் லைனை எதிரே நேராக நீட்டி வையுங்கள். கம்பு நுனி தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்திருக்கட்டும். லைனில் தொய்வு இருந்தால் முதல் பாதி அசைவு அதை இழுப்பதிலேயே வீணாகிவிடும்.

2. பிடி: கட்டைவிரல் கார்க் பிடியின் மேல், நகம் வானம் பார்த்தபடி. இறுகப் பிடிக்க வேண்டாம். லைனை ஆள்காட்டி விரலால் கம்போடு சேர்த்து அழுத்திக்கொள்ளட்டும்.

3. மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கட்டைவிரல் நகம் புருவத்துக்கு நேராக வரும்போது சடக்கென்று நிறுத்த வேண்டும். தலைக்கு நேர் மேலே 12 மணி, எதிரே 9 மணி என்று வைத்துக்கொண்டால், கம்பு 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில். கம்பு நின்றதும் வளைந்திருந்த நுனி நிமிரும். லைன் அதைத் தாண்டி வளையமாக உருண்டு பின்னால் போகும். கம்பு நிற்காவிட்டால் வளையமே பிறக்காது.

4. இப்போது காத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் இது இல்லாமல் பாடமே இல்லை. வளையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, கடைசியில் லீடர் நீள, கம்பளி முனை ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல்தான் முன்னால் வீச சைகை. பார்க்காமல் வீசும்போது நேரத்தைப் பிடிக்க, மனசுக்குள் ‘ராயபுரம்’ என்று ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். 6 மீட்டருக்கு அது சரியாக இருக்கும். லைனை 9 மீட்டராக நீட்டினால் ‘திருவொற்றியூர்’. நீளம் கூடினால் காத்திருப்பும் கூடும் என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

5. அதே மாதிரி வேகத்தைக் கூட்டி முன்னால் கொண்டுவந்து 10 மணியில் நிறுத்த வேண்டும். லைன் நீண்டபின் நுனியை மெல்லத் தாழ்த்த வேண்டும்.

தவறு எங்கே என்பதை ஓசையும் லைனுமே சொல்லிவிடும். ‘பட்’ என்று சாட்டைச் சத்தம் வந்தால் பின்வீச்சு பிரியும் முன்பே முன்னால் இழுத்துவிட்டார்கள். நிஜ இரை கட்டியிருந்தால் அது அறுந்து போயிருக்கும். பின்னால் லைன் தார்ப்பாயில் குவிந்து விழுந்தால் மணிக்கட்டு மடங்கிவிட்டது, கம்பு 3 மணிக்குப் போய்விட்டது. கம்பின் அடிமுனையையும் முன்கையையும் சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையைத் தளர்வாகச் சுற்றினால் மணிக்கட்டு மடங்கும்போதே பிள்ளைக்கே தெரிந்துவிடும். லீடரில் தானாக முடிச்சு விழுந்துகொண்டே இருந்தால் அதிகத் தூரம் போக ஆசைப்பட்டு நடுவில் திடீரென்று வெட்டி இழுக்கிறார்கள் என்று பொருள். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு வீச்சைப் பாதி பலத்தில் செய்யச் சொல்லுங்கள். பலமான பையனைவிட, தோளில் சதையே இல்லாத பிள்ளை இதில் சீக்கிரம் தேறுவது வழக்கம்.

மூன்றாம் நாள் முதல் இலக்கு வைக்கலாம். பழைய சைக்கிள் டயர்களை 6, 8, 10 மீட்டரில் போடுங்கள். பத்துக்கு மூன்று விழுந்தாலே நல்ல கணக்கு. கம்பு பற்றாவிட்டால் வளையும் நாலடிப் பிரம்பின் நுனியில் 4 மீட்டர் தடித்த கம்பளி நூல் கட்டிக் கொடுங்கள். தூரம் போகாது, ஆனால் வளையம் அழகாகத் தெரியும்.

சைக்கிள்: பெடலுக்கு முன் பிரேக்

சைக்கிள் அளவில் பெற்றோர் செய்யும் தப்பு ஒன்றுதான்: அடுத்த வருஷமும் ஓட்டட்டும் என்று பெரிதாக வாங்குவது. நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிந்து, மேல் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். நாலரை அடிப் பிள்ளைக்கு 24 அங்குலச் சக்கரம் பொதுவாகப் பொருந்தும்.

தினமும் ஏறும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பிள்ளையே பார்க்கட்டும். பங்ச்சர் கடையில் கம்ப்ரஸரை வைத்துக் கல்லாக அடித்துக் கொடுப்பார்கள். ரோட்டுக்குச் சரி, மண்ணில் அது துள்ளும், வழுக்கும். அகல டயர், 30–40 கிலோ பிள்ளை என்றால் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. போதும். அதற்கும் கீழே போனால் கட்டையில் ஏறும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

பிரேக் லிவர் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் திருகி லிவரைக் கைப்பிடிக்கு அருகே கொண்டுவாருங்கள். பிள்ளையின் ஆள்காட்டி விரல் லிவருக்கு எட்டாவிட்டால் அந்த சைக்கிளில் பிரேக் இல்லை என்றே அர்த்தம். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல், தாடைப்பட்டைக்கு அடியில் ஒரு விரல். அப்பாவின் பைக் ஹெல்மெட் வேண்டாம், கனமும் புழுக்கமும் தாங்காது.

முதல் பாடம் இறங்கி நடந்தபடி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய் முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடியுங்கள்: பின் சக்கரம் தூக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள்: சக்கரம் நின்றும் டயர் மண்ணில் கோடு கிழித்தபடி வழுக்கும். நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரத்துக்குத்தான் பிடிமானம் அதிகம். அதனாலேயே அதை முரட்டுத்தனமாகப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறியும். இதைப் பத்து முறை சொல்வதைவிட ஒருமுறை செய்து காட்டினால் போதும். எந்த லிவர் எந்தச் சக்கரம் என்பதையும் ஒவ்வொரு சைக்கிளிலும் பிடித்துப் பார்க்கட்டும்.

அடுத்து, சீட்டை இரண்டு அங்குலம் இறக்கி, நிற்கும் நிலை. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் மடங்கி, பின்புறம் சீட்டைத் தொடாமல், பார்வை ஐந்தாறு மீட்டர் முன்னால். முன் சக்கரத்தைப் பார்க்கும் பிள்ளை அதன் எதிரே இருக்கும் கல்லில்தான் போய் மோதும். இந்த நிலையில் வந்து, கோட்டைக் கண்டதும் இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் அழுத்தி நிறுத்த வேண்டும். ஓட்ட வேகத்தில் வந்து 3 மீட்டருக்குள் வழுக்காமல் நிற்பதுதான் தேர்ச்சி. மணலில் திரும்பும்போது முன் பிரேக் பிடித்தால் விழுவது உறுதி. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுத் திரும்பப் பழக்குங்கள்.

பிறகு மெதுவோட்டப் போட்டி: 10 மீட்டரைக் கால் ஊன்றாமல் 12 விநாடிக்கு மேல் எடுத்துக் கடப்பது. டயர்களை 3 மீட்டர் இடைவெளியில் வைத்து வளைந்து போவது, பழகியதும் 2 மீட்டர்.

மேடு பள்ளத்துக்கு 2 அங்குலத் தடிமனில் ஒரு சவுக்குக் கட்டை. உருளாதபடி இரு பக்கமும் முளை அடியுங்கள். அதற்கு நேர் குறுக்காக வர வேண்டும், சாய்வாக வந்தால் சக்கரம் கட்டையோடு ஓடிச் சரிந்துவிடும். சரிவுக்கு இரண்டு வரிசை ஹாலோ பிளாக், மேலே இரண்டடிப் பலகை, இரு பக்கமும் 4 அடிக்கு 2 அடி, 18 மி.மீ. பிளைவுட். 8 அங்குல உயரம் என்பது கேட்கச் சின்னது, ஆனால் முதல்முறை இறங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஏறும் முன்பே கியரை இலகுவாக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபடி மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும்.

தண்ணீருக்கும் மலைக்கும் எப்போது

டயருக்குள் பத்துக்கு ஐந்து விழும் பிள்ளையைக் கொக்கியோடு அழைத்துப் போகலாம். எங்கே என்பதில் அவசரம் வேண்டாம். புழல் ஏரி குடிநீர் ஏரி, அங்கே முகாம் நடத்த முடியாது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய் இன்னொரு பக்கம். அங்கே பிள்ளைகளை இறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கி நிற்கும், பின்வீச்சுக்கு இடம் இருக்காது. உரிமையாளரிடம் கேட்டுத் தனியார் குளத்துக்குப் போவதே நல்லது. ஜிலேபி மீன் சின்ன பூச்சியை வந்து கவ்வும். கொக்கி நுனிக்குக் கீழே எதிர்த்து நிற்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வரும்.

சைக்கிளுக்கு, சாய்பலகையில் வழுக்காமல் நிற்கும் பிள்ளைக்குச் செம்மண் வண்டிப்பாதையே அடுத்த படி. திரும்பியதும் ஈரத்துணியால் செயினைத் துடைத்து, காய்ந்தபின் செயின் ஆயில் நாலைந்து சொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிப் பசையாகும். ஃபிளை லைனையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே ரீலில் சுற்றுங்கள்.