பழைய றலியைக் கைமாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளத்தில் உள்ள என் சைக்கிள் திருத்தும் கடைக்குச் சென்ற வாரம் வந்த இளைஞர் ஒருவர், அம்மப்பாவின் றலியை, அதாவது அந்தப் பெயர்கொண்ட பழைய ஆங்கிலேயச் சைக்கிளைக் கொடுத்துப் புதிய சைக்கிள் ஒன்றை எடுக்கப்போவதாகச் சொன்னபோது, 2011இல் நான் செய்த மடைத்தனம் அப்படியே கண்முன் வந்து நின்றது. விலை பேசாமல் கொடுப்பது, பற்றுச்சீட்டு வாங்காமல் விடுவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

சிறு பழுதுக்காக முழுச் சைக்கிளையும் கொடுத்தல்

றலியின் கம்பிப் பிரேக், றிம்மின் உட்புறத்தைப் பிடித்தே சைக்கிளை நிறுத்துகிறது. அதற்கேற்ற றிம்மைக் கழற்றிவிட்டு வேறு றிம் பூட்டினால் பிரேக் கட்டை சரியாகப் படியாது. உடனே "பழசு, பிரேக் இல்லை" என்று சைக்கிளின்மேல் பழி விழும். அப்பாவின் சைக்கிளை நான் கொடுத்ததற்கும் காரணம் இதுவே.

இலக்கத்தை எழுதி வைக்காமை

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. இறுதி யுத்தத்துக்கு முன்னரே வவுனியாவில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்ததால் தப்பிய அந்தச் சைக்கிளை, மீளக்குடியேறிய கையோடு ஒரு கடையில் கொடுத்து, 2,500 ரூபாவைக் கழித்துக்கொண்டு புதியதொன்றை எடுத்தேன். இருக்கைக் குழாயின் மேற்பகுதியில் அடித்திருந்த பிரேம் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுத அரை நிமிடம் போதும், நான் எழுதவில்லை.

2018இல் ஒட்டுசுட்டானில் ஒரு மாமரத்தின் கீழ் அதே கரும்பச்சை நிறத்தில், முன்னால் கொக்குச் சின்னத்தோடு ஒரு றலி நின்றது. உரிமையாளரான ஐயா, "அடியில கொஞ்சம் ஆடும் தம்பி" என்று நேர்மையாகச் சொன்னார்; எனக்கோ அது காதில் ஏறவில்லை. 18,000 ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கவிழ்த்துப் பார்த்தேன். பெடல் அச்சைத் தாங்கப் பிரேமின் அடியில் திருகிப் பூட்டும் அடிக்கிண்ணத்துக்கு ஏனைய பெரும்பாலான ஆங்கிலேயச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 புரி இருக்க, றலி தனக்கென்று 26 புரி வைத்திருந்தது. யாரோ 24 புரிக் கிண்ணத்தைச் சாவி போட்டு இறுக்கி, பிரேமின் புரியை அரைத்திருந்தார்கள். லேத் பட்டறையில் புஷ் கடைந்து போட்டதற்கான கூலி தனி.

அதைவிடப் பெரிய நட்டம் வேறு. நான் வாங்கிய சைக்கிளின் பின் சக்கரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பில், அதாவது கியர் உள்ள நடுக்குடத்தில், 58 என்று அடித்திருக்கிறது. அப்பா தன் சைக்கிளை 1959இல் வாங்கியதாக அம்மா சொல்வார். ஆனால் அந்த எண் ஹப் செய்த ஆண்டை மட்டுமே காட்டும். சக்கரமோ எத்தனை தடவையும் மாறக்கூடியது. நான் வாங்கியது அப்பாவின் சைக்கிளா, அதன் சாயலில் உள்ள வேறொன்றா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. பிரேம் இலக்கம் தெளிவாகவே இருக்கிறது. ஒப்பிடுவதற்குத்தான் என்னிடம் எதுவுமில்லை.

மூன்று கியர் ஹப்புக்குக் கிறீஸ் திணித்தல்

எண்ணெய்த் துவாரம் வைத்திருப்பது மெல்லிய எண்ணெய் விடுவதற்கு.

புதிய பெயின்ற்

அடிக்க வேண்டாம்.

இரண்டாவது யோசனைக்கு இடம் வைக்காமை

அந்த இளைஞரிடம் ஒரு மாதம் பொறுக்குமாறு சொன்னேன். பிரேம் இலக்கத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். சைக்கிள் என் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.