டெரின்குயு பாதாள நகரம்: பையை மேலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்

துருக்கியின் கப்படோக்கியாவில் பலூன் ஏறுவதற்கு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறவர்கள், பாறையைக் குடைந்து செய்த டெரின்குயு பாதாள நகரத்தை மட்டும் இடையில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். முதல் தவறு அதுதான். நடுப்பகலில் சுற்றுலா பஸ்கள் வந்து குவிந்த பிறகு போனால், அந்த அரை மணியும் படிக்கட்டில் எதிரே ஏறி வருபவர்களுக்கு வழிவிடுவதிலேயே கழிந்துவிடும். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

முதுகில் பெரிய பையோடு இறங்காதீர்கள். பாதைகளை வேண்டுமென்றே குறுகலாக வெட்டியிருக்கிறார்கள். பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்தில் அரபுப் படைகள் வந்தபோது மக்கள் ஒளிந்த இடம் இது. துரத்தி வருபவன் குனிந்துதான் வர வேண்டும். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன் நிற்க இடம் இருக்கக் கூடாது. பை இடித்து நீங்கள் மாட்டிக்கொள்ளும்போது, அந்தப் படைவீரன் பட்ட பாடுதான் உங்களுக்கும்.

அடைபட்ட இடம் என்றாலே மூச்சுமுட்டும் என்பவர்கள் மேலேயே யோசித்து முடிவெடுங்கள். பாதிவழியில் திரும்புவது பெரும்பாடு. கோடையிலும் உள்ளே குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

பாதையை அடைக்கும் கல் கதவைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். திருகைக் கல்லைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். நடுவில் ஒரு துளை. அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பாருங்கள்: உள்ளே இருப்பவர்களால் மட்டுமே நகர்த்த முடியும். கிணறுகளிலும் இதே எச்சரிக்கைதான். எதிரி விஷம் கலந்துவிடக் கூடாது என்று சில கிணறுகளின் வாயைத் தரைமட்டம் வரை கொண்டுபோகவே இல்லை.

சுவரைச் சாவியால் கீறிப் பார்க்காதீர்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறை. கீறினால் தழும்பு நின்றுவிடும்.

‘இருபதாயிரம் பேர் பூமிக்கடியிலேயே வாழ்ந்தார்கள்’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். வீடும் வயலும் மேலே இருந்தன. ஆபத்து வந்தால் ஆடுமாடுகளோடு கீழே இறங்கினார்கள். அந்த எண்ணிக்கையும் ஒரு மதிப்பீடுதான்.

‘ஆயிரமாண்டுகளாக யாருக்கும் தெரியாமல் கிடந்தது’ என்பது இன்னொரு கதை. 1963-ல் ஒருவர் வீட்டைச் சீரமைக்கும்போது கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். ஆனால் 1923-ல் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் வெளியேறும்வரை இங்கிருந்த கிரேக்கர்களுக்கு இத்தகைய நிலவறைகள் நன்றாகவே தெரியும். 1909-ல் தெற்கே அதானா நகரில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி எட்டியதும், கப்படோக்கியாவின் கிரேக்கக் கிராமம் ஒன்றில் பலர் சில இரவுகள் தரைக்கு மேலே படுக்கத் துணியவில்லை.